சிம்பாங் வரைக்கும் எப்படிப் போவது? தோட்டத்துப் பட்டணத்தில் சுத்தமான போக்குவரத்துக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் காலியிலும் ராசாவிலும் மின்சார ரயில் நிற்கிறது. தஞ்சோங் மாலிமுக்கும் போர்ட் கிள்ளானுக்கும் ஓடும் கே.டி.எம். கொமுட்டர் அது. புகை கிடையாது, சாலை நெரிசலும் கிடையாது. ஆனால் ஸ்டேசனிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, செம்பனைக்கு நடுவில் இருக்கும் லயத்து வீடுகளுக்கு அந்த ரயில் எட்டாது. விடியற்காலை ஸ்டேசன் வரை கொண்டுபோய் விட ஆள் இல்லாதவருக்கு ரயில் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சுத்தமான போக்குவரத்து என்றதும் மின்சார காடியும் சார்ஜ் போடும் இடமும் நினைவுக்கு வருவது கோலாலம்பூர்க்காரர்களின் வழக்கம். தோட்டத்துப் பட்டணத்தில் பிரச்சினை அது இல்லை. லயத்திலிருந்து சிம்பாங் (தோட்டத்து ரோடு பெரிய சாலையில் சேரும் இடம்) வரை, சிம்பாங்கிலிருந்து ஸ்டேசனோ கிளினிக்கோ வரை உள்ள சின்னத் தூரத்துக்கு வண்டி இல்லை என்பதுதான் பிரச்சினை. அந்தத் தூரத்துக்காகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மோட்டார் சைக்கிள், சில வீடுகளில் இரண்டு. அதற்குக் கடன், பெட்ரோல், ரிப்பேர். மோட்டார் ஓட்டத் தெரியாத பாட்டியும், லைசென்ஸ் எடுக்கும் வயது வராத பிள்ளையும் வீட்டோடு.

தோட்டத்து இளைஞர் மன்றம், கோயில் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று எங்காவது இருந்துகொண்டு “இதற்கு ஏதாவது செய்ய வேண்டும்” என்று கிளம்பும் நான்கைந்து பேருக்காக இது எழுதப்பட்டது. எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி “மின்சார மோட்டார் வாங்கலாமா?” என்பது. அதற்கான பதில் பின்பாதியில் வருகிறது. வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறோம்.

முதல் வேலை: பயணக் கணக்கு

“எங்க தோட்டத்துக்குப் பஸ் விடுங்க” என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்டால், “பார்க்கிறேன்” என்பார். “காலை 6க்கும் 6.30க்கும் இடையில் எங்கள் லயத்திலிருந்து 14 பேர் ஸ்டேசன் பக்கம் போகிறார்கள், பட்டியல் இதோ” என்றால் அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போகும். கோப்புக்குள் போனதைத்தான் அடுத்த மாதம் திரும்பப் போய்க் கேட்க முடியும்.

கணக்கு எடுக்கத் தேவை ஒரு நோட்டுப்புத்தகமும் இரண்டு பேரும்தான். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர் வேண்டாம், வீட்டு எண்ணும் வயதும் போதும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஐந்து விவரங்கள்: எங்கே போகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், எதில் போகிறார், என்ன செலவு. போன வாரம் நடந்ததை மட்டும் கேளுங்கள். “பொதுவாக எப்படிப் போவீங்க?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “போன செவ்வாக்கிழமை எத்தனை மணிக்கு வேலைக்கு எறங்குனீங்க?” என்று கேட்டால் மணி சொல்வார்கள்.

ஐந்தையும் எழுதிய பிறகு ஆறாவதாக ஒன்று கேளுங்கள்: போக வேண்டியிருந்தும் வண்டி இல்லாமல் போகாமல் விட்டது எது? கிளினிக் தவணை, பிள்ளையின் மாலை வகுப்பு, வேலை நேர்காணல், துக்க வீடு. இந்த ஆறாவது பதில்தான் கடிதத்தில் கனமாக நிற்கும். பஸ் கம்பெனி எடுக்கும் கணக்கில் இது ஒருபோதும் வராது, ஏனென்றால் அவர்கள் எண்ணுவது பஸ்ஸில் ஏறியவர்களை மட்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் சில உண்டு. மாலை 5 மணிக்குப் போனால் வீட்டில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். இரவு 8 மணிக்குப் போனால் அவர்களே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். கணக்கு எடுக்கும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் அக்காமார்களும் பாட்டிகளும் தங்கள் பயணத்தைத் தாங்களே சொல்வார்கள். பேக்டரியில் இரவு ஷிப்ட் போகிறவர் பகலில் தூங்குவார், அவரை விட்டுவிடாதீர்கள். டயாலிசிஸ் போகிறவரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், முடிந்ததும் தலைசுற்றல். அவரை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வருவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது ஆபத்து. அவருக்கு வேண்டியது பஸ் தடம் இல்லை, வீட்டு வாசல் வரை வரும் வண்டி.

இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்து தோட்டத்தில் வேலை செய்பவர்களையும் எண்ணுங்கள். “அவங்க நம்ம ஆள் இல்லையே” என்று விடுவது நியாயமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. பஸ்ஸுக்கு ஆள் எண்ணிக்கைதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்கு நடந்தே போகிறவர்களில் அவர்கள்தான் பெரும்பாலும் அதிகம்.

எல்லாம் எடுத்த பிறகு, நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து, ஒரே திசையில் போகிறவர்களைக் கூட்டுங்கள். ஒரே அரைமணியில் 25 பேருக்கு மேல் வந்தால் பஸ் கேட்கலாம். ஆறிலிருந்து பதினான்கு வரை என்றால் வேன். ஒன்றிரண்டு என்றால் சைக்கிளோ மோட்டாரோ. பெரும்பாலான தோட்டங்களில் கிடைக்கும் விடை நடுவில்தான் இருக்கும்: பஸ்ஸுக்குக் குறைவு, மோட்டாருக்கு அதிகம். அதனால்தான் இத்தனை காலம் யாரும் கவனிக்கவில்லை.

ஏற்கெனவே என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

புதிதாக ஒன்று கேட்பதற்கு முன், பக்கத்தில் ஓடுவதை எழுதிக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களுக்கே தெரியாத வண்டிகள் ஓடுவது உண்டு.

கொமுட்டரில் 60 வயதைத் தாண்டிய மலேசியருக்கும், ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) வைத்திருப்பவருக்கும் பாதிக் கட்டணம். அந்த அட்டையைப் பெற சமூக நல இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். ஸ்டேசன் பெயரை நம்பி இறங்காதீர்கள்: கோலகுபு பாரு ஸ்டேசன் இருப்பது பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அங்கே இறங்கிய பிறகும் இன்னொரு வண்டி தேட வேண்டும்.

சிலாங்கூரில் 2015 முதல் மாநில அரசின் இலவச பஸ்கள் ஓடுகின்றன. அதன் தடங்கள் ஊராட்சி மன்றத்தின் வழியாகத்தான் தீர்மானிக்கப்படுகின்றன, எனவே நிறுத்தம் கேட்க வேண்டிய இடமும் அதுவே. ஈப்போ, சிரம்பான் போன்ற நகரங்களைச் சுற்றி, மத்திய அரசு பணம் கொடுத்து நடத்தும் உள்ளூர் பஸ் சேவை உண்டு. அங்கே பஸ் கம்பெனிக்கு ஓட்டும் தூரத்துக்குப் பணம் கிடைக்கிறது. ஆள் குறைவான தடத்தை எடுக்கச் சொல்லிக் கேட்க அதில்தான் வாய்ப்பு அதிகம். டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பி ஓடும் பழைய பஸ் கம்பெனியிடம் அதையே கேட்டால் கையை விரிப்பார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

பேக்டரி பஸ்களை மறக்க வேண்டாம். பல தோட்டங்களின் சிம்பாங்கில் காலை 6 மணிக்கு வந்து நிற்கும் ஒரே பெரிய வண்டி அதுதான். அதில் மற்றவர்கள் ஏற முடியாது. ஆனால் அது எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால், பெரிய பஸ் உங்கள் சிம்பாங் வரை வர முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கடிதம், நிறுத்தம், வெளிச்சம்

தீபகற்ப மலேசியாவில் பஸ் தடங்களுக்கு உரிமம் கொடுப்பது போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ள நில பொதுப் போக்குவரத்து நிறுவனம், சுருக்கமாக ஏபாட். கடிதம் அங்கே போக வேண்டும். நகல் ஊராட்சி மன்றத்துக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், மாவட்ட அலுவலகத்துக்கும். மலாயில் எழுதுங்கள். தலைப்பு “பெர்மோஹோனான் லாலுவான் பாஸ் டான் ஹென்தியான் பாஸ்” (பஸ் தடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் விண்ணப்பம்) என்று இருந்தால் போதும், அது எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பயணக் கணக்கின் அரைமணி அட்டவணை, சிம்பாங்கின் இருப்பிடக் குறி, சாலையின் இரண்டு படங்கள், வீட்டு எண்ணிக்கை, மன்றத்தின் முத்திரையும் செயலாளர் கையெழுத்தும். பெறுநரிடம் நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பதில் எண் வரும்வரை விடாதீர்கள்.

பலரும் சறுக்குவது தோட்டத்துச் சாலையில். தோட்டத்துக்குள் இருக்கும் செம்மண் ரோடு அரசாங்க ரோடு இல்லை, கம்பெனியின் சொந்த நிலம். தோட்ட நிர்வாகம் எழுத்தில் சம்மதம் தராமல் பஸ்ஸோ வேனோ உள்ளே வராது. கேட் இரவு எத்தனை மணிக்குச் சாத்தப்படுகிறது, யாரிடம் சாவி என்பதையும் அந்தச் சம்மதக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். உள்ளே இருக்கும் பாலங்களின் எடைத் தாங்கலை மானேஜரிடம் கேளுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகிற பாலம் என்றால் கவலை இல்லை. மோட்டார் மட்டும் போகிற பாலம் என்றால் கனவை விட்டுவிடுங்கள். 12 மீட்டர் பஸ் பின்னால் எடுக்காமல் ஒரே வீச்சில் திரும்ப 25 மீட்டர் அகலம் வேண்டும். திடல் பக்கத்தில் அவ்வளவு இடம் இருந்தால் அளந்து எழுதுங்கள். இல்லையென்றால் பஸ் சிம்பாங்கோடு நிற்கட்டும் என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது. முடியாததைக் கேட்டு முடியக்கூடியதையும் இழப்பது வழக்கமாகிவிட்டது.

நிறுத்தக் கூரையைக் கேட்கும்போது இடத்தையும் நீங்களே சொல்லுங்கள். சிம்பாங்குக்கு முன்னால் வைத்தால், நிற்கும் பஸ் தோட்டத்திலிருந்து வெளியே வரும் லோரியின் பார்வையை மறைக்கும். சிம்பாங்கைத் தாண்டி வைப்பதே பாதுகாப்பு. சாலையின் இரண்டு பக்கமும் நிறுத்தம் வேண்டும். போகும்போது ஏறும் பக்கம் மட்டும் கூரை போட்டு, இரவு திரும்பி வந்து இறங்கும் பக்கத்தைப் புல்லாக விட்டுவிடுவது பரவலான கோளாறு. அந்தச் சாலை மத்திய அரசு சாலையா மாநிலச் சாலையா என்று பொதுப்பணித் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூரை கட்டுவது ஊராட்சி மன்றமாக இருந்தாலும், சாலையோரத்தில் கட்டப் பொதுப்பணித் துறையின் அனுமதி வேண்டும். இது தெரியாமல் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் கடிதம் தூங்கும்.

விளக்கு ஒன்று இல்லாவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். காலை 6 மணிக்கு இருட்டு. இருட்டில் சிம்பாங்கில் தனியாக நிற்கப் பெண் பிள்ளையை எந்த அம்மாவும் அனுப்ப மாட்டார்.

வேன்: கேட்டால் வரும், பார்த்து ஏறினால் நிலைக்கும்

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும், கைப்பேசிச் செயலியில் கூப்பிட்டால் வரும் சிறிய வேன் சேவை ஓடுகிறது. ஒரு வட்டாரத்துக்குள் எங்கிருந்தும் குறித்த நிறுத்தங்களுக்குப் போகலாம், கட்டணம் சில்லறைதான். தோட்டத்துப் பட்டணத்தின் பயணக் கணக்குக்குப் பெரிய பஸ்ஸைவிட இதுதான் பொருந்தும். உங்கள் ஊர் வட்டாரத்துக்குள் இல்லையென்றால், ஏபாட் கடிதத்தில் பஸ்ஸுக்குப் பதிலாக இதையே கேளுங்கள். வட்டாரத்துக்குள் இருந்தும் உங்கள் லயம் செயலியில் நிறுத்தமாகக் காட்டவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரைபடத்தில் தோட்டத்து ரோடு இல்லை. இருப்பிடக் குறியோடு அனுப்பிக் கேட்டால் சேர்க்க வாய்ப்பு உண்டு.

செயலி, வங்கி அட்டை, டேட்டா மூன்றும் இல்லாதவருக்கு இந்த வேனும் இல்லை. அதற்கு மன்றத்திலிருந்து இரண்டு பேர் பதிவு செய்து கொடுக்கும் பொறுப்பை எடுக்க வேண்டும். கோயில் அறிவிப்புப் பலகையில் அவர்கள் எண், கூப்பிட வேண்டிய நேரம், பணத்தை எப்போது கொடுப்பது என்று எழுதி ஒட்டுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் மூன்றாவது மாதம் அலுத்துவிடுவார்.

டீசல் வேன் எப்படிச் சுத்தமாகும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்சாய் எனும் சிறிய ரக மோட்டார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2.2 லிட்டர் குடிக்கும். எட்டுப் பேர் எட்டு மோட்டாரில் போனால் 17 லிட்டருக்கு மேல். அதே எட்டுப் பேரை ஏற்றும் வேன் 10 லிட்டரில் முடிக்கும். மின்சார வேன் வந்தால் இன்னும் நல்லது. வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

“நம்ம தம்பியின் வேன் சும்மாதானே நிற்கிறது, ஆளுக்கு மூன்று ரிங்கிட் வாங்கி ஓட்டலாமே” என்ற யோசனை எல்லாத் தோட்டத்திலும் வரும். உரிமம் இல்லாமல் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது 2010ஆம் ஆண்டு நில பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். பிடிபடுவதைவிடப் பெரிய பயம் இன்சூரன்ஸ். விபத்து நடந்து, கட்டணம் வாங்கியது தெரிந்தால், கம்பெனி கைவிரிக்கும். பள்ளி வேன் ஓட்டுவதற்கும் ஏபாட் உரிமம் வேண்டும். அப்படி உரிமத்தோடு தொழிலாக நடத்த விரும்பும் இளைஞருக்கு தெக்குன் நிறுவனத்தின் ஸ்புமி கடன் உண்டு. அது இந்தியத் தொழில்முனைவோருக்கானது, சொந்த மோட்டார் வாங்குவதற்கு இல்லை.

இரண்டு சக்கரம்: கணக்கு இனிக்காது

இனி “மின்சார மோட்டார் வாங்கலாமா?” என்ற அந்தக் கேள்வி. ஒருவர் தினமும் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டுகிறார் என்று வையுங்கள். மொத்தம் 780 கிலோமீட்டர். பெட்ரோல் மோட்டாரில் 17 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய மானிய பெட்ரோல் திட்டமான புடி95இன் விலை லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்றால் 34 ரிங்கிட். மின்சார மோட்டார் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 35 வாட் மணி எடுக்கும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மாதம் 31 யூனிட். 2025 ஜூலை முதல் வந்த வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 44 சென், ஆக 14 ரிங்கிட். மாதம் 200 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு உண்டு. அந்த வீட்டில் 6 ரிங்கிட்.

மிச்சம் மாதம் 20லிருந்து 28 ரிங்கிட். எஞ்சின் எண்ணெய், ஸ்பார்க் பிளக் செலவு இல்லை என்று இன்னும் பத்துப் பதினைந்து சேர்த்தாலும், புது மின்சார மோட்டாரின் மாதத் தவணையை இது அடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கப்சாயை விற்றுவிட்டு மின்சார மோட்டார் வாங்குங்கள் என்று சொல்கிறவர், தோட்டத்துச் சம்பளச் சீட்டைப் பார்க்காதவர். எப்படியும் புது வண்டி வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை, அல்லது நாள் முழுக்கச் சாப்பாடு, பார்சல் கொண்டுபோகும் வேலை. இந்த இரண்டில் மட்டும் கணக்கு சரிக்கட்டும்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புடி95 விலை கிடைக்க மைகாட் மட்டும் போதாது, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். மின்சார மோட்டாருக்கும் பி2 எனும் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்து இளைஞர்களுக்கு மைலெசென் பி2 என்று இலவசத் திட்டம் நடந்திருக்கிறது. அடுத்த சுற்று எப்போது என்று சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிலும் தொகுதிச் சேவை மையத்திலும் விசாரியுங்கள். புது வண்டியைவிட இதுதான் முதல் தேவை.

வாங்குவதென்று முடிவானால் கடையில் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, ஓடும் தூரம். விளம்பரத் தாளில் இருப்பதை விட்டுவிட்டு, பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கி 35ஆல் வகுங்கள். 72 வோல்ட், 32 ஆம்பியர் மணி என்றால் 2,304. வகுத்தால் 65 கிலோமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு 52 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆள் ஏறினால், மேடு இருந்தால் இன்னும் குறையும். இரண்டாவது, பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம், கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று எழுத்தில். மூன்றாவது, பழுது பார்க்கும் இடம் எத்தனை கிலோமீட்டர். பேட்டரியை மாற்றிக்கொள்ளும் நிலையங்களை நம்பி ஓடும் வண்டி நகரத்துக்கு நல்லது. நிலையம் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வேண்டாம். 2024 வரவு செலவுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்களுக்கு மின்சார மோட்டார் வாங்க 2,400 ரிங்கிட் வரை கழிவு அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு தீர்ந்தால் தீர்ந்ததுதான், ஆகவே இப்போது இருக்கிறதா, எந்த மாடலுக்கு என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

இணையக் கடையில் மலிவாக வரும் மின்சார ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். பதிவு எண் கிடைக்காத இந்தச் சிறு வண்டிகள் 2021 டிசம்பர் முதல் பொதுச் சாலையில் ஓடத் தடை. பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் துணை செய்யும் மின்சார சைக்கிள் வேறு. 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், சிரிம் எனும் தரச் சான்று நிறுவனத்தின் முத்திரையோடு இருந்தால் ஓட்டலாம். பிடியைத் திருகினாலே ஓடுவதை “சைக்கிள்” என்று விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு எங்கள் தேர்வு இந்தப் பெடல் சைக்கிள்தான். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியை முழுக்க ஏற்ற அரை யூனிட் கூட ஆகாது. அதன் சார்ஜர் எடுப்பது 80, 90 வாட். மேலே சுற்றும் மின்விசிறியின் அளவுதான். பழைய லயத்து வயரிங் தாங்கும். அது ஏன் முக்கியம் என்று அடுத்துச் சொல்கிறோம்.

லயத்து வீட்டில் சார்ஜ் போடுவது

மின்சார மோட்டாரின் சார்ஜர் 800 வாட் அளவு இழுக்கும், மூன்று நான்கு மணி நேரம் விடாமல். அயர்ன்பாக்ஸ் இதைவிட அதிகம் இழுக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். நீண்ட நேரம் ஓடுவதுதான் பழைய வயருக்கு ஆபத்து. பிளக் பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இருக்க வேண்டும். பல லயங்களில் விளக்குக்குப் போட்ட 1.5 வயரிலிருந்து யாரோ ஒருவர் கிளை இழுத்து ஐந்தடியில் (வாசலில்) ஒரு பிளக் வைத்திருப்பார். சார்ஜர் போட வசதியான இடமும் அதுதான், சூடேறித் தீப்பிடிக்கும் இடமும் அதுதான்.

கண்டுபிடிக்க எளிய வழி: பெட்டியில் விளக்குக்கான சுவிட்சை மட்டும் இறக்குங்கள். வாசல் பிளக்கும் செத்துவிட்டால் அது விளக்கு வயரில் இருக்கிறது. அங்கே சார்ஜ் போடாதீர்கள். பெட்டியில் இருக்கும் கசிவு சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் எதையும் செருகும் முன் வயர்மேனைக் கூப்பிடுங்கள். பல வீடுகளில் இருப்பது 100 மில்லி ஆம்பியர் சுவிட்ச். ஈரமான வாசலில் ஆளைக் காப்பாற்ற அது போதாது. சார்ஜர் பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் ஒன்றைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். வயர்மேன் எரிசக்தி ஆணையத்தில் பதிந்தவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

முதல் முறை சார்ஜ் போட்டு அரைமணி கழித்துப் பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது, நிறுத்துங்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்சன் வயர் வேண்டாம். பிளக்கின் பியூஸ் போனால் சிகரெட் தாள் சுற்றக் கூடாது. ஓட்டி வந்த சூட்டோடு செருகாமல் அரைமணி ஆற விடுங்கள். இரவு தூங்கும்போது வேண்டாம். வீட்டுக்கு ஒரே கதவு என்றால் அந்தக் கதவுப் பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள். பலகை வீட்டில் இது உயிர் விஷயம். கேஸ் சிலிண்டரிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

மின்சாரம் யார் பெயரில் வருகிறது என்பது இன்னொரு சிக்கல். தோட்டத்து மெயின் மீட்டரிலிருந்து லயத்துக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், உங்களுக்கு மின்சார நிறுவனமான தெனாகாவில் சொந்தக் கணக்கு இல்லை. மேலே சொன்ன 25 சென் கழிவும், ஈகாசே (eKasih) எனும் அரசின் ஏழைக் குடும்பப் பட்டியலில் உள்ள பரம ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 40 ரிங்கிட் வரையிலான உதவியும் கணக்கு உள்ளவருக்குத்தான் நேராக வரும். ஏழைக்கு வைத்த சலுகை மிக ஏழையிடம் வந்து சேராமல் போகும் இடம் இது. சார்ஜ் போடும் முன் மானேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாதம் 31 யூனிட் என்ற கணக்கைக் காட்டினால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வயரிங் கெட்டிருந்தால் அதைச் சீராக வைப்பது முதலாளியின் கடமை, தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 446ஆம் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கேட்டும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறைக்குப் போகலாம், தொழிற்சங்கத்து ஆளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் மண்டபத்தில் பொதுவாக ஒரு சார்ஜ் முனை வைப்பது நல்ல யோசனைதான். கட்டணம் வாங்கி மற்றவர் வண்டிக்கு மின்சாரம் கொடுப்பது உரிமம் சம்பந்தப்பட்டது என்பதால், முதலில் எரிசக்தி ஆணையத்தைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் செம்மண் ரோட்டில் தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் நின்றால் வண்டியை இறக்காதீர்கள். பெட்ரோல் மோட்டார் அணைந்து போகும், காய்ந்ததும் கிளம்பும். மின்சார மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெட்டியையே மாற்ற வேண்டும். அழுத்தக் குழாயால் கழுவுவதும் இதே கதிதான். ஈரத் துணி போதும்.

பேட்டரி தேய்ந்து ஓட்டம் பாதியாகக் குறைந்தால் விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போதே “பழையதை எடுத்துக்கொள்வோம்” என்று ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் சண்டை இல்லை. பழைய இரும்பு எடுக்க வரும் லோரியில் போடாதீர்கள்: நசுங்கிய லித்தியம் பேட்டரி மற்ற இரும்போடு சேர்ந்து லோரியிலேயே பற்றிக்கொள்ளும்.